பேயை விட நிஜம் பயமுறுத்துது... அடுத்து என்ன படிக்கலாம்?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேணும்.

போன மாசம் பிராம் ஸ்டோக்கரோட 'டிராகுலா' (1897) படிச்சேன். முழுக்க டைரி, கடிதம்னே போகும். கோட்டைச் சுவர்ல ரத்தக்காட்டேரி டிராகுலா பிரபு தலைகீழா பல்லி மாதிரி இறங்குற இடம் அருமை. அதைவிட அவன் இங்கிலாந்துக்கு வர்ற அந்தக் கப்பல்! மாலுமிகள் ஒவ்வொருத்தரா காணாமப் போக, கடைசியில கேப்டன் சுக்கான்ல கையைக் கட்டிக்கிட்டு செத்துக் கிடப்பார். ஆனா பின்பாதி இழுவை. டிராகுலாவை வேட்டையாடுற பேராசிரியர் வான் ஹெல்சிங் பேச ஆரம்பிச்சா எனக்குக் கொட்டாவிதான்.

அடுத்து ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச்சோட செர்னோபில் புத்தகம். 1986 அணு உலை விபத்துல சிக்கின சனங்க சொன்னதை அப்படியே அடுக்கியிருக்காங்க. தொடக்கத்துலயே ஒரு தீயணைப்பு வீரரோட மனைவி பேசுறாங்க. கால் வீங்கிப் போனதால எந்தச் செருப்பும் ஏறல, வெறுங்காலோட புதைச்சாங்களாம். அந்த வரியோட மூடி வெச்சுட்டேன். மறுபடி எடுக்க நாலு நாள் ஆச்சு. டிராகுலா படிச்ச ராத்திரி நிம்மதியா தூங்கினவன் நான்!

இப்ப கேள்விக்கு வர்றேன். 1964 தனுஷ்கோடி புயல், 1984 போபால் விஷவாயு விபத்து பத்தி, பாதிக்கப்பட்டவங்க வாய்மொழியாவே சொல்ற மாதிரி தமிழ்ல புத்தகம் இருக்கா? மொழிபெயர்ப்பும் பரவாயில்லை. வெறும் புள்ளிவிவரம், அரசாங்க அறிக்கை தொகுப்பு வேண்டாம்.

கூடவே நல்ல தமிழ் திகில் நாவல் ஒண்ணு. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் இல்லாம இருந்தா புண்ணியமாப் போகும். அச்சுல கிடைக்குதா, பழைய புத்தகக் கடையிலதான் தேடணுமான்னும் சேர்த்துச் சொல்லுங்க.