முன் ஷாஃப்ட்: கிராஸ் மாற்றினால் போதுமா, முழுதாக மாற்ற வேண்டுமா?

வால்பாறைக்காரர்:
தோட்டத்து வேலைக்கு எங்களிடம் ஒரு டபுள் கேபின் ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் இருக்கிறது. மண் பாதையில் முன் சக்கர இயக்கத்தைப் போட்டு, ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றிக் கிளட்சை விட்டால் முன்பக்கம் ‘டக்’ என்று அடிக்கிறது. ஆழியாறு வரை இறங்கிப் பொள்ளாச்சிச் சாலையில் 60-ஐத் தொட்டால், டூ வீலில் ஓடும்போதுகூடக் காலடித் தகடு நடுங்குகிறது. முன் சக்கரங்களில் லாக்கிங் ஹப் (சக்கரத்தை முன் இயக்கத்திலிருந்து பிரித்துவிடும் பூட்டு) கிடையாது என்பதால் முன் ஷாஃப்ட் (விசையை முன் அச்சுக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டு) எப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அடியில் படுத்துப் பார்த்ததில், முன் ஹவுசிங் (முன் அச்சின் கூடு) பக்கத்துக் கிராஸின், அதாவது ஷாஃப்ட் முனையை மடங்கிச் சுற்றவிடும் சிலுவை வடிவ இணைப்பின், ஒரு கப்பைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் துருப்பொடி படிந்திருக்கிறது. மெக்கானிக் முழு ஷாஃப்டையும் மாற்றச் சொல்கிறார். என் மைத்துனரோ கிராஸ் மட்டும் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய பட்டறை:
நான் உங்கள் மைத்துனர் பக்கம். கிராஸ் என்பது தேய்வதற்கென்றே வைத்த பாகம். கப்புக்குள் இருக்கும் ஊசி ரோலர்கள் கிரீஸ் வற்றியதும் துருப்பிடித்துப் பொடியாகின்றன. நீங்கள் பார்த்த செம்பொடி அதுதான். கப்புகளைப் பிடித்திருக்கும் நான்கு சர்க்ளிப்புகளைக் கழற்றி, வைஸில் வைத்து அழுத்திப் பழையதை வெளியேற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது அரை நாள் வேலை. அதற்காக நல்ல ஷாஃப்ட் குழாயையும், கிராஸைப் பிடிக்கும் கவையான நல்ல யோக்கையும் பழைய இரும்புக்குப் போடுவது வீண்செலவு. கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்புகளிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியே வர வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் அடுத்துச் சாகப்போகிறது. இதைக் கவனித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மலைச்சாலை ஓட்டுநர்:
கிராஸ் மட்டும் தேய்ந்திருந்தால் ஐயா சொல்வது சரி. ஆனால் கழற்றாமலே அப்படி முடிவு கட்டுவது எப்படி? கப்பு காய்ந்த நிலையில் பல மாதம் ஓடிய வண்டியில், கப்பு உட்காரும் யோக்கின் துளையே நீள்வட்டமாகியிருக்கக்கூடும். அதில் புதுக் கிராஸைப் போட்டால் கப்பு இறுக்கமாக நிற்காது. சில வாரங்களிலேயே சத்தம் திரும்ப வரும். இன்னொன்று, ஷாஃப்டின் நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்பிளைன், அதாவது ஒன்றுக்குள் ஒன்று செருகிய பல்வரிசை. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும் ஒவ்வொரு குழியிலும் அது உள்ளே போய் வெளியே வருகிறது. அதில் ஆட்டம் இருந்தால் எந்தக் கிராஸும் நடுக்கத்தை நிறுத்தாது.

பிக்கப் டயரின் சுற்றளவைச் சுமார் 2.25 மீட்டர் என்றும் கிரவுன் விகிதத்தை (சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் சுற்ற வேண்டிய எண்ணிக்கை) 4.1 என்றும் வைத்துக்கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,800 முறை சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஸ்பிளைன் ஆடினால் ஷாஃப்டின் சமநிலை குலைவதைக் காலடித் தகடு உடனே காட்டிக்கொடுத்துவிடும். இது வெறும் சத்தத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல. ஹவுசிங் பக்கத்து முனை ஓட்டத்தில் கழன்றால், அது முன்னோக்கித் தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். ஆழியாறு மலைச்சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அது நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

பழைய பட்டறை:
பயமுறுத்தி விற்கிற வேலை வேண்டாம், தம்பி. முழு ஷாஃப்ட் வாங்கியவர்களும் ஃபேஸை (இரு முனை யோக்குகளும் ஒன்றுக்கொன்று நிற்கும் நிலை) தவறாகப் பொருத்தி நடுக்கத்தோடு என் பட்டறைக்கு வந்திருக்கிறார்கள். ஒரு கிராஸ் 10 டிகிரி மடங்கி ஓடும்போது மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஒன்றரை சதவீதம் கூடுகிறது, ஒன்றரை சதவீதம் குறைகிறது. குழாயின் இரு முனை யோக்குகளின் காதுகளும் ஒரே தளத்தில் நின்று, இரு பக்கக் கோணங்களும் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் ஒரு கிராஸின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று விழுங்கும். ஸ்பிளைனைக் கால் சுற்று மாற்றிச் செருகினால் விழுங்குவதற்குப் பதிலாக இரண்டும் கூடிக்கொள்ளும். கழற்றும் முன் இரு பாதியிலும், முனைகளை போல்ட் போட்டு இணைக்கும் தகடுகளான ஃபிளாஞ்சுகளிலும் பெயின்ட் குறி வையுங்கள்.

டூ வீல் போதும்:
ஷாஃப்டை முழுதாகக் கழற்றிவிட்டு டூ வீலில் ஓட்டினால் சிக்கலே இல்லையே?

மலைச்சாலை ஓட்டுநர்:
வேண்டும்போது மட்டும் முன் இயக்கம் போடும் பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியில், இரு முனையும் ஃபிளாஞ்சில் போல்ட் போட்டவையாக இருந்தால், பாகம் வரும்வரை அப்படி ஓட்டலாம். சென்டர் டிஃபரன்ஷியல் (முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர்) உள்ள வண்டியில் அதை லாக் செய்யாவிட்டால் வண்டி நகரவே நகராது. முனை நேரே ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் கியர் பெட்டி) செருகும் வகையென்றால் ஆயில் வழிந்துவிடும். தவிரவும், மழைக்காலத்தில் தோட்டத்துச் சேற்றில் முன் இயக்கம் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

வால்பாறைக்காரர்:
ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டோம். சம தரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, குறியிட்டு, இரு ஃபிளாஞ்சுகளின் போல்ட்டுகளையும் எடுத்தோம். கிராஸின் கால்களில் ஊசி ரோலர் பதிந்த வரிகள் நகத்தால் தடவினாலே தட்டுப்பட்டன. யோக்கின் துளை மட்டும் நன்றாகவே இருந்தது. அதுவரை மைத்துனர் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பிளைனின் இரு பாதியையும் இரு கையில் பிடித்து எதிரெதிராகத் திருப்பினேன். குறிகள் ஒன்றை ஒன்று விட்டு அரைக் கோடு விலகின. பற்களின் ஒரு பக்கம் கத்தி விளிம்பு போல மெலிந்திருந்தது. முழு ஷாஃப்டே வாங்கினேன். நடுக்கம் போய்விட்டது. ‘டக்’ குறைந்திருக்கிறது, ஆனால் முற்றிலும் போகவில்லை.

பழைய பட்டறை:
ஸ்பிளைன் விஷயத்தில் தம்பி சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். மிச்சமுள்ள ‘டக்’ கிரவுன் பற்களின் இடைவெளியாக இருக்கலாம். ஃபிளாஞ்சைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஃபோர் வீலைப் போட்டபடியே தார்ச் சாலையில் யாரேனும் ஓட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். வளைவில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன. பிடிமானமுள்ள சாலையில் அந்த வேறுபாடு வெளியேற வழியின்றி ஷாஃப்டையும் கிரவுனையும்தான் முறுக்கும்.

வால்பாறைக்காரர்:
ஓட்டுகிறார்கள். மைத்துனர்தான்.