டெல்லி டீலரிடம் டீசல் டிசையர்: நேரில் பார்க்காமல் பணம் போடலாமா?

கருங்கல்–மஸ்கட்:
நண்பர்களே, கொஞ்சம் அவசரம். ஊர் கருங்கல், வேலை மஸ்கட்டில். அப்பாவுக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். டெல்லியில் ஒரு யூஸ்டு கார் டீலரிடம் 2017 மாடல் டிசையர் டீசல் பார்த்து வைத்திருக்கிறேன். செகண்ட் ஓனர், மீட்டரில் 48,000 கிலோமீட்டர், விலை 3,60,000. இதே மாடல், இதே வருஷம், டிஎன் 74 நம்பரில் நாகர்கோவில் யூஸ்டு கார் கன்சல்டிங்கில் 5,10,000 சொல்கிறார்கள். ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்றால் யாருக்குத்தான் மனசு வராது.

டீலர் அனுப்பிய கொட்டேஷன்: வண்டி 3,60,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 64,800, நாகர்கோவில் வரை லாரி வாடகை 28,000. முழுப் பணத்தையும் போட்டால் மறுநாளே வண்டியை ஏற்றிவிடுவாராம். என்ஓசி, அதாவது டெல்லி ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று, ஒரு மாதத்தில் கூரியரில் வருமாம். வீடியோ காலில் காட்டினார், வண்டி பளபளவென்று இருக்கிறது.

எனக்கு இடிப்பது ஒன்றுதான். அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் பைனான்ஸ் இருப்பதாகக் காட்டுகிறது. கேட்டால் "லோன் எப்போதோ முடிந்தது, ஆர்சியில் மட்டும் எடுக்கவில்லை" என்கிறார். ஓனர் பெயரும் பாதி மறைந்து வருகிறது. இதெல்லாம் சகஜமா? பணம் போடலாமா?

வேர்க்கிளம்பி:
தாராளமாக வாங்குங்க. எங்க சித்தப்பா டெல்லி வண்டிதான் ஓட்டுகிறார், ஒரு குறையும் இல்லை. டெல்லி நம்பரிலேயே ஒரு வருஷம் ஓட்டலாம், அதுவரை வரியும் கிடையாது, பேர் மாற்றவும் வேண்டாம். களியக்காவிளை செக்போஸ்டில்கூட யாரும் கேட்டதில்லை.

ஆர்டிஓ வாசல்:
வேர்க்கிளம்பி தம்பி, பாதிதான் சரி. மார்த்தாண்டம் ஆர்டிஓவில் நாள் முழுக்க இந்த வேலைதான் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். பன்னிரண்டு மாதம் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. வேறு மாநிலத்து வண்டியை இங்கே அதற்கு மேல் வைத்திருந்தால் இங்கத்து நம்பர் வாங்க வேண்டும் என்பது அது. மாற்றலாகி வந்தவர் தன் வண்டியைக் கூடவே கொண்டுவருகிறார் பாருங்கள், அவருக்குப் பொருந்தும். விலைக்கு வாங்கினால் 50-வது பிரிவையும் பார்க்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தான் இருக்கும் ஊர் ஆர்டிஓவில் பேர் மாற்றத்துக்குக் கொடுத்தாக வேண்டும். யாரும் கேட்கவில்லை என்பது அதிர்ஷ்டம். ஒரு விபத்து நடந்தால் அப்போது எல்லாரும் கேட்பார்கள்.

மஸ்கட் தம்பிக்கு: ஓனர் பெயர் மறைந்து வருவது சகஜம், எல்லாருக்கும் அப்படித்தான் காட்டும். ஹெச்பி, அதாவது ஆர்சியில் பதிவாகியிருக்கும் பைனான்ஸ் விஷயம் அப்படி இல்லை. லோன் முடிந்தது உண்மையானால் பேங்க் ஒரு நோ டியூஸ் கடிதமும், கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 35-ம் கொடுத்திருக்கும். அதை ஆர்டிஓவில் கொடுத்தால்தான் ஆர்சியில் ஹெச்பி கேன்சல் ஆகும். அது ஆகாமல் என்ஓசி தேங்கிவிடும். என்ஓசி, அதாவது ஃபார்ம் 28, இல்லாமல் டெல்லி வண்டியை மார்த்தாண்டத்தில் யாரும் தொட மாட்டார்கள். அதோடு டெல்லியில் கேமரா சலான்கள், அதாவது அபராதங்கள், நிறைய விழும். நிலுவை இருந்தால் அதற்காகவும் என்ஓசி நிற்கும். இ-சலான் தளத்தில் நம்பரைப் போட்டு இன்றே பாருங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் சேசிஸ் நம்பரை வைத்துப் பார்க்க முடியும்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி டீலர்களுக்கென்று தனி விதி இருக்கிறது. டீலர் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும், அது ஃபார்ம் 29-பி. ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை ஃபார்ம் 29-சி மூலம் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான வண்டிக்கு என்ஓசி கேட்டு டீலரே விண்ணப்பிக்கலாம், பழைய ஓனரைத் தேட வேண்டியதில்லை. உங்கள் ஆளிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வரும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கருங்கல்–மஸ்கட்:
ரொம்ப நன்றி அண்ணே. கேட்டேன். 29-பி என்றதும் "அதெல்லாம் பேப்பரில்தான் சார், டெல்லியில் யாரும் வாங்குவதில்லை" என்றார். சலான் பார்த்தேன், ஐந்தாறு நிலுவையில் இருக்கிறது. பழைய ஓனர் கனடா போய்விட்டாராம்.

பட்டறை, தக்கலை:
பேப்பரை ஆர்டிஓ அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். நான் வண்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

டெல்லி டீசல் ஏன் மலிவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பத்து வருஷம் தாண்டிய டீசல் அங்கே ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பின்னால் கொஞ்சம் தளர்வு வந்தாலும் விலை ஏறியபாடில்லை. ஆக மலிவு என்பதாலேயே ஏமாற்று என்று ஆகாது. டெல்லி வண்டியில் ஒரு லாபமும் உண்டு, கடல் உப்பு படாதது. குளச்சல், முட்டம் பக்கம் ஓடிய வண்டியை லிஃப்டில் ஏற்றினால் அடியில் துரு வடையை உதிர்த்தது மாதிரி கொட்டும். டெல்லி வண்டியில் அது பெரும்பாலும் இருக்காது.

ஆனால் 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் ஏறி டெல்லிக்குள் தண்ணீர் வந்ததை மறக்காதீர்கள். அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் எங்கே போயிருக்கும்? சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். சீட் ஓடும் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், ஹெட்லைட்டுக்குள் ஆவி, தரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈர வாடை. வாடையை வீடியோவில் பிடிக்க முடியாது, அதற்கு ஆள் நேரில் போக வேண்டும்.

48,000 கிலோமீட்டர் என்கிறார். 2017-இல் ஒருவர் டீசல் எடுத்ததே ஓட்டுவதற்காகத்தான், எனக்கு நம்பிக்கை இல்லை. சர்வீஸ் ஹிஸ்டரி பிரிண்ட் கேளுங்கள், ஒவ்வொரு சர்வீசிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். கடைசிப் பதிவு 2021-இல் 90,000 என்று இருந்தால் கதை முடிந்தது. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் தோல், கியர் நாப் மூன்றும் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். எல்லாக் கண்ணாடியின் மூலையிலும் தயாரிப்புக் குறி உண்டு. ஒன்று மட்டும் வேறு வருஷமாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம்.

எஞ்சினுக்கு: காலையில் முதல் ஸ்டார்ட்டை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்கு முன் எஞ்சின் மேல் கை வைத்துக் காட்டட்டும், ஏற்கெனவே சூடாக்கி வைத்திருப்பார்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை வேகமாக அடிக்கக் கூடாது. பானெட் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா என்று நெருக்கமாகக் காட்டச் சொல்லுங்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள், இரண்டாயிரம் ரூபாய் பாலிஷில் எந்த வண்டியும் பளபளக்கும்.

வடசேரி கணக்கர்:
தம்பி, அந்த 64,800 ரூபாயைப் பார்த்துத்தான் நான் எட்டிப் பார்த்தேன். பழைய கார் விற்கும் டீலருக்கு ஜிஎஸ்டி முழு விலைக்கு இல்லை. அவர் வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள லாபத்துக்குத்தான். 2025 ஜனவரியிலிருந்து அந்த லாபத்தின் மேல் 18 சதவீதம். அவருக்கு இந்த வண்டியில் நாற்பதாயிரம் லாபம் என்று வைத்தால் வரி 7,200. முழு விலைக்கு 18 போட்டால் ஒன்று அவருக்கு விதி தெரியவில்லை, இல்லை அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகப் போவதில்லை. ஜிஎஸ்டி நம்பரை வாங்கி ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், கடைப் பெயரும் முகவரியும் வரும். பேங்க் அக்கவுண்டும் அதே பெயரில் இருக்க வேண்டும். தனி ஆளின் சேவிங்ஸ் அக்கவுண்டையோ யுபிஐ நம்பரையோ கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

முட்டம் காற்று:
"நான் ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிவிட்டது, வண்டி திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நிற்கிறது, பார்சல் சார்ஜ் மட்டும் போடுங்கள்" என்று ஒரு கும்பல் ரொம்ப நாளாகச் சுற்றுகிறது. இது அந்த ரகம் மாதிரி தெரியவில்லை. இருந்தாலும் பணம் போன பிறகு சந்தேகம் வந்தால் நேரம் பார்க்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் உண்டு.

கருங்கல்–மஸ்கட்:
கணக்கர் அக்கா சொன்ன பிறகு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். வண்டி, ஜிஎஸ்டி, லாரி சேர்த்து 4,52,800. தமிழ்நாட்டு வரி எவ்வளவு வரும் ஆர்டிஓ அண்ணே?

ஆர்டிஓ வாசல்:
ஆயுள் வரி வண்டியின் இன்றைய விலைக்கு இல்லை தம்பி. புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதை வைத்து, வயதைப் பார்த்து ஒரு சதவீதம் போடுவார்கள். உங்கள் வண்டிக்கு அறுபதாயிரம் ஒதுக்கி வையுங்கள், சரியான தொகையை மார்த்தாண்டத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம் என்பார்கள். கனடா போன ஓனரை வைத்துக்கொண்டு அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பேர் மாற்றத்தை அப்பா பெயரில் செய்யுங்கள். உங்கள் பெயரில் என்றால் ஆதாரோடு இணைந்த இந்திய நம்பருக்கு ஓடிபி வரும். மஸ்கட்டில் அந்த சிம் செத்திருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இன்சூரன்ஸும் 14 நாளுக்குள் மாற்றக் கொடுக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய ஓனருக்குச் சொந்தம், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

கருங்கல்–மஸ்கட்:
அப்படியானால் 5,12,800. நாகர்கோவில் வண்டியைவிட 2,800 அதிகம்! இதில் இன்சூரன்ஸும் சலானும் சேரவில்லை. ஜிஎஸ்டியைக் குறைக்கச் சொன்னால் வண்டி விலையை ஏற்றுகிறார்.

வேர்க்கிளம்பி:
சித்தப்பாவிடம் கேட்டேன். இன்னும் பேர் மாற்றவில்லையாம். இந்த இழையை அவருக்கு அனுப்பிவிட்டேன்.

வடசேரி கணக்கர்:
இன்னமும் மனசு டெல்லியிலேயே இருந்தால், பணம் போகும் வரிசையை மாற்றுங்கள். சேசிஸ் நம்பர் எழுதிய ரசீதுக்கு எதிராக ஐயாயிரமோ பத்தாயிரமோ டோக்கன். என்ஓசி கிடைக்காவிட்டால் டோக்கன் திரும்ப வரும் என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். ஹெச்பி கேன்சலும் என்ஓசியும் ஆன்லைனில் தெரிந்த பிறகுதான் பெரிய தொகை. கொஞ்சத்தை வண்டி வந்து இறங்கும்வரை பிடித்து வையுங்கள். எல்லாம் பேங்க் வழியாக. ரொக்கம் கேட்டால், இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது அவருக்கே சட்டப்படி வினை. பில் அப்பா பெயரில் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 2019 நுகர்வோர் சட்டம் சொல்கிறது, நாகர்கோவிலிலேயே முடியும். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் தீர்ப்பு வாங்குவது வேறு, டெல்லியிலிருந்து பணத்தை வாங்குவது வேறு.

கருங்கல்–மஸ்கட்:
அக்கா சொன்ன வரிசையை அப்படியே அனுப்பினேன். "வேறு பார்ட்டி ரெடியாக இருக்கிறது சார், நாளைக்குள் முழுப் பணம் போடுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். விட்டுவிட்டேன்.

இப்போது திருநெல்வேலியில் டிஎன் 72 நம்பரில் ஒரு பெட்ரோல் ஸ்விஃப்ட், 2018 மாடல், 4,60,000 சொல்கிறார்கள். ஹெச்பி இல்லை, சலான் இல்லை. அப்பா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்கிறார். இதற்கும் அந்த வரி எல்லாம் உண்டா அண்ணே?

ஆர்டிஓ வாசல்:
தமிழ்நாட்டு வண்டிக்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாயிற்று, மறுபடி கிடையாது. ஃபார்ம் 29, 30-இல் இரண்டு பேர் கையெழுத்தும், ஒரிஜினல் ஆர்சியும், நடப்பு இன்சூரன்ஸும், அப்பாவின் ஆதாரும் வேண்டும். ஆர்சியில் உள்ள ஓனரே வந்து கையெழுத்துப் போடுகிறாரா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டறை, தக்கலை:
மாதத்துக்கு நாலைந்து தடவை ஆஸ்பத்திரி போக பெட்ரோலே போதும். 2023 டிசம்பரில் திருநெல்வேலியிலும் தாமிரபரணி வெள்ளம் வந்தது, அதனால் சீட் பெல்ட்டை அங்கேயும் இழுத்துப் பார்க்கட்டும். அப்பாவைத் தனியாக அனுப்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, நான் கூடப் போகிறேன். வண்டி நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புங்க, அதற்குள் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டு வாங்கி வைத்துவிடுங்கள்.