பேராசிரியர் க. அன்பழகன் நினைவுப் பலகைகள்: தொகுதி வரிசையும் அச்சு விவரமும் தேவை

வாசகர்வட்டம்:
டிசம்பர் 19 பேராசிரியர் பிறந்த நாளுக்கு எங்கள் கிளை நூலகத்தில் ஆறு பலகைகள் வைக்கிறோம். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 2 அடி. ஆசிரியர், சட்டமன்ற உறுப்பினர் என்ற இரண்டு முகமும் தெரிய வேண்டும். இணையக் குறிப்புகளில் தொகுதியும் ஆண்டும் முட்டிக்கொள்கின்றன. சரியான வரிசை யாராவது தர முடியுமா? அச்சுக்குக் கொடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பார்க்கப்போவது பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்.

பழைய_அவைக்குறிப்பு:
1957 எழும்பூர். 1962 முதல் 1967 வரை மாநிலச் சட்ட மேலவை. 1967 திருச்செங்கோடு, ஆனால் அது மக்களவை. பலர் இதையும் சட்டமன்றக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். 1971, 1977, 1980 புரசைவாக்கம். 1984 பூங்கா நகர். 1989 அண்ணா நகர். 1996, 2001, 2006 துறைமுகம்.

"1971 முதல் 2011 வரை தொடர்ந்து உறுப்பினர்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1983இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காகக் கலைஞரும் அவரும் பதவி விலகினார்கள். 1986இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அரசியல் சட்டப் பிரதியை எரித்ததற்காகப் பதவி பறிக்கப்பட்ட பத்துப் பேரில் அவரும் ஒருவர். 1991இலிருந்து 1996 வரையும் அவர் அவையில் இல்லை.

தேர்தல் ஆணையத்தின் 1957 அறிக்கையில் கட்சிப் பெயரைத் தேடினால் கிடைக்காது. தி.மு.க. அப்போது அங்கீகாரம் பெறாததால் அதன் வேட்பாளர்கள் சுயேச்சை என்றே பதிவாகியிருப்பார்கள். அந்தப் பலகையில் "சென்னை மாநிலச் சட்டமன்றம்" என்று போடுங்கள். தமிழ்நாடு என்ற பெயர் 1969 ஜனவரி 14 முதல்தான்.

கரும்பலகை:
ஆறில் இரண்டையாவது கல்விக்கு ஒதுக்குங்கள். இல்லையென்றால் எல்லாமே மேடைப் படமாகிவிடும். திருவாரூர்ப் பக்கம் காட்டூரில் 1922இல் பிறந்த இராமையா, தனித்தமிழ்ப் பற்றில் அன்பழகன் ஆனவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். 1944 முதல் 1957 வரை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் நடத்தினார். வகுப்பறையில் இருந்தது 13 ஆண்டுதான், ஆனால் கடைசிவரை ஊர் அழைத்தது பேராசிரியர் என்றே. பிறகு 1989-91, 1996-2001 இரண்டு முறை கல்வி அமைச்சர். சுகாதாரம் (1971-76), நிதி (2006-11) ஒரு வரி போதும். சென்னை கல்லூரிச் சாலையில் உள்ள பள்ளிக்கல்வி வளாகத்துக்கு இன்று அவர் பெயர்தான். அதன் படம் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

அச்சுக்கூடம்:
ஃபிளெக்ஸ் வேண்டாம், சுருங்கும், டியூப் லைட் வெளிச்சத்தில் கண் கூசும். 5 மி.மீ. சன்போர்டில் (கெட்டியான நுரை அட்டை) மேட் வினைல் (பளபளப்பில்லாத ஒட்டுத்தாள்) ஒட்டச் சொல்லுங்கள். பலகைக்கு 70, 80 சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். தலைப்பு தவிர்த்த உரையின் எழுத்து அளவு 30 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையக் கூடாது. பிள்ளைகளுக்கென்றால் பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடியில் இருக்கட்டும்.

படம் ஓர் அடி அகலம் என்றால் குறைந்தது 1800 பிக்சல் அகலம் வேண்டும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும்; டாக்குமெண்டாக அனுப்புங்கள். தமிழ் யூனிகோடில் தட்டியதை சில கடைகளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பு, துணைக்கால் இடம் மாறும். எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் கொடுத்து, ஏ4 தாளில் ஒரு மாதிரி எடுத்து இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகே பெரிதாக அடிக்கச் சொல்லுங்கள்.

பழைய_அவைக்குறிப்பு:
படத் தேடலில் இன்னொரு வம்பு. சேப்பாக்கம் சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகனும் பேராசிரியர் மறைந்த அதே 2020இல், ஜூன் 10 அன்று மறைந்தார். அ.தி.மு.க.வின் கே.பி. அன்பழகன் உயர்கல்வி அமைச்சராக இருந்தவர். மூவர் படமும் கலந்தே வரும். பேராசிரியர் மறைந்தது மார்ச் 7, வயது 97.

வாசகர்வட்டம்:
மிக்க நன்றி. காலையில் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சரியாக இருக்குமா?

கரும்பலகை:
வேண்டாம். சுயமரியாதைக்காரர் அவர். படத்துக்குப் பொட்டு, சூடம், விளக்கு எதுவும் வைக்காமல் படத்திறப்பு, மலர் தூவல் என்று முடியுங்கள். அரசு நூலகம் என்பதால் கட்சிக் கொடி, கரை வண்ணம் தவிர்ப்பது நல்லது. நூலகரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால் கடைசி நாளில் இழுபறி வரும்.