ஹார்ட்விக் மாளிகை: இவ்வளவு கண்ணாடிக்கு நடுவே பாரத்தைத் தாங்குவது எது?

கேள்வி (ராயபுரம்):
வணக்கம். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 1590-க்கும் 1597-க்கும் இடையே எலிசபெத் டால்பட் சீமாட்டிக்காக எழுந்த ஹார்ட்விக் மாளிகையின் முகப்பில் சுவரைவிடக் கண்ணாடியே மிகுதி. எங்கள் தெருவின் தடித்த சுண்ணாம்புக் காரைச் சுவர்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, மூன்று தளங்களின் எடை எங்கே இறங்குகிறது என்பது விளங்கவில்லை.

பதில் 1 (தண்டையார்பேட்டை, கட்டடப் பொறியாளர்):
அருமையான கேள்வி ஐயா. கட்டடக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் வகுத்ததாகக் கருதப்படும் இக்கட்டடத்தில், நடுவே ஓடும் தடித்த உட்சுவரே பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கிறது. கணப்புகளின் புகைபோக்கிகளையும் பெரும்பாலும் உட்சுவர்களுக்குள்ளேயே அடக்கியதால், வெளிச்சுவர்களைச் சன்னல்களுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. அவற்றுள் சில பொய்ச் சன்னல்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; முகப்பின் சமச்சீர் கெடாதிருக்கவே அவை வைக்கப்பட்டன.

பதில் 2 (பழைய வண்ணாரப்பேட்டை):
மேலே செல்லச் செல்லச் சன்னல்களின் உயரம் கூடுவதைக் கவனியுங்கள். சிறப்பு விருந்தினருக்கான கூடங்களும் நெடிய காட்சிக்கூடமும் உச்சித் தளத்தில் இருப்பதே காரணம். கண்ணாடி விலையுயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், இது வெளிச்சத்துக்கான ஏற்பாடு மட்டுமன்று, செல்வத்தின் அறிவிப்பும்கூட. கோபுர உச்சிகளில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறித்த சீமாட்டி அல்லவா!

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. உட்சுவரின் பங்கு இப்போது தெளிவாகிவிட்டது. தரைப்படத்தை மீண்டும் பார்க்கிறேன்.