ஒய்பி நீராவி என்ஜினோட கறுப்பு நிஜமா எப்படி இருக்கும்? ஷெட்டுல வேலை பாத்தவங்க சொல்லுங்க

பொன்மலைத்தூரிகை:
வணக்கம். வாட்டர்கலர் போடுற ஆளு நான். பொன்மலை ரயில்வே காலனியிலதான் பொறந்து வளந்தது. அப்பாவுக்கு ஒர்க்ஷாப்புல பாய்லர் வேலை. சங்கு ஊதுனா போதும், ஆர்மரி கேட் பக்கம் சைக்கிளா கொட்டும். அம்மா கோலமாவை எடுத்துத் திண்ணையில என்ஜின் வரைஞ்சு உதை வாங்குன காலத்துலேர்ந்து இந்தக் கிறுக்கு விடல. காலேஜ்ல கூடப் படிச்சவங்க கோபுரம், தேருன்னு வரையப் போவாங்க. நான் திருச்சி ஜங்ஷன்ல மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) பிளாட்பாரத்துல பலகையோட உக்காந்திருப்பேன்.

இப்ப ஊரைப் பத்தியே வரிசையா வரைஞ்சுகிட்டு இருக்கேன். 1928ல நாகப்பட்டினத்துலேர்ந்து ஒர்க்ஷாப் இங்க வந்ததுல தொடங்கி, மீட்டர்கேஜ் போற வரைக்கும். மீட்டர்கேஜ் பாசஞ்சர் வண்டி இழுத்த ஒய்பி என்ஜின்லதான் சிக்கிட்டேன். கையில இருக்குற போட்டோ எல்லாமே கறுப்பு வெள்ளை. டியூப் கறுப்பை அப்படியே அப்புனா படம் செத்துப்போகுது. அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கலந்து கறுப்பு கொண்டுவரேன். ஆனா எங்க நீலம் தூக்கலா இருக்கணும், எங்க பழுப்பு? மியூசியத்துல நிக்கிற என்ஜினைப் பாத்துப் பிரயோஜனம் இல்ல, புது பெயிண்ட் அடிச்சு மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வச்சிருக்காங்க.

கரிக்கை:
தம்பி, விழுப்புரம் ஷெட்டுல ஃபயர்மேனா இருந்தவன் நான். ஒரே கறுப்புன்னு எவன் சொன்னான்?

முன்னாடி உருண்டையா இருக்கே ஸ்மோக்பாக்ஸ், அதுக்கு மேல உறை கிடையாது. வெறும் இரும்பு. சூட்டுல பெயிண்ட் வெந்து சாம்பல் பூத்துப்போயிருக்கும். கதவுக்கு அடியில சாம்பல் தங்குற இடம் துரு. உன் பழுப்பை அங்க வை. பாய்லர் அப்படி இல்ல. அதுக்கு மேல லேகிங், அதாவது சூடு வெளிய போகாம சுத்துற உறை, அதுக்கு மேல தகடு. அந்தத் தகட்டுல பெயிண்ட் நிக்கும், நாங்க எண்ணெய் போட்டுத் துடைச்சிருப்போம், வானம் அதுல விழும். நீலம் அங்க.

பாய்லரைக் கழுவத் திறக்குற வாஷ்அவுட் பிளக் இருக்குற இடத்துலேர்ந்து வெள்ளையா உப்பு வழிஞ்சிருக்கும், அதை விட்டுடாதே. சக்கரத்தைச் சேக்குற ராடு எல்லாம் காட்டன் வேஸ்ட்டால (கழிவு நூல்) தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு இருக்கும். முன்னாடி குறுக்கா இருக்குற பஃபர் பீம் சிவப்பு. கரியும் தண்ணியும் சுமக்குற டெண்டர் மேல கரித்தூசி, அதுல மினுக்கமே இருக்காது.

மீட்டர்கேஜ்பித்தன்:
உங்க புரொஃபைல் படத்துல பக்கத்துக்கு நாலு பெரிய சக்கரம் இருக்கே அண்ணே, அது ஒய்ஜி ஆச்சே?

பொன்மலைத்தூரிகை:
ஒய்ஜியேதான் தம்பி, கூட்ஸ் வண்டி படம் அது. ஒய்பிக்கு முன்னாடி ரெண்டு சின்னது, நடுவுல மூணு பெருசு, பின்னாடி ஒண்ணு. பாசஞ்சர் இழுக்கறது, அதான் சக்கரமும் ஒய்ஜியை விடப் பெருசு. வரையறவனுக்கு அந்த மூணுதான் கொஞ்சம் மூச்சு விட இடம் குடுக்குது.

கரிக்கை ஐயா, கோடி நன்றி. ஸ்மோக்பாக்ஸையும் பாய்லரையும் ஒரே வாஷ்ல, அதான் ஒரே பூச்சுல, இழுத்துட்டுப் போறவங்கதான் இங்க எல்லாரும். இனி அங்க ஒரு கோடு பிரிச்சுடறேன்.

சங்கத்திடல்:
ஊரை வரையறேன்னா என்ஜினோட நிறுத்தாதீங்க. 1946 செப்டம்பர் 5, தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், சங்கத் திடல்ல துப்பாக்கிச் சூடு, அஞ்சு தொழிலாளிங்க செத்தாங்க. அது இல்லாம பொன்மலை வரிசைன்னு பேர் வைக்க முடியுமா? அப்புறம் கடைசிப் படத்துல மீட்டர்கேஜைப் புதைச்சுடாதீங்க. ஊட்டி மலை வண்டிக்கு எக்ஸ் கிளாஸ் நீராவி என்ஜினை இந்த ஒர்க்ஷாப்லதானே புதுசாவே கட்டுனாங்க, 2011லேர்ந்து. அதுவும் மீட்டர்கேஜ்தான்.

பொன்மலைத்தூரிகை:
திடல் இருக்கு, ஸ்கெட்ச் ஆயிடுச்சு. ஆளுங்களை வரையல, சைக்கிளுங்களை மட்டும் வரைஞ்சிருக்கேன். எக்ஸ் கிளாஸ் நல்ல யோசனை, சேத்துக்கறேன்.

ஐயா, இன்னொண்ணு. சிலிண்டர் பக்கத்துல ஆவி பீய்ச்சி அடிக்குமே, அதை எப்பப் போடலாம்? படத்துல வண்டி ஜங்ஷனைத் தாண்டி வேகமா போகுது.

கரிக்கை:
வேகமா போற வண்டிக்குப் போடாதே. நின்ன என்ஜின்ல சிலிண்டருக்குள்ள ஆவி குளுந்து தண்ணியா நிக்கும். கிளம்பும்போது டிரெயின் காக்கை (தண்ணி வடிய விடுற குழாய்) திறந்து அதை வெளிய தள்ளுவாரு டிரைவர், நாலு சுத்து சுத்துனதும் மூடிடுவாரு. ஆவி வேணும்னா வண்டியை பிளாட்பாரத்துலேர்ந்து கிளப்பு.