குழு: கோபி டு கலிஃபோர்னியா

கீதா: சனிக்கிழமை அம்மாவ சாண்டா குரூஸ் கூட்டிட்டுப் போறோம். நேச்சுரல் பிரிட்ஜஸ் பார்க்ல மோனார்க் பட்டாம்பூச்சி வந்து அடைஞ்சிருக்காம். யாரெல்லாம் வர்றீங்க?

கார்த்தி: பூச்சி பாக்க அவ்ளோ தூரமா

நித்யா: நாங்க வர்றோம். இவர் பேச்ச விடுங்க

சுந்தரம் மாமா: போறதா இருந்தா வெள்ளெனக் கிளம்போணும். 13 டிகிரிக்குக் கீழ போனா அதுகளால பறக்க முடியாது. ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு யூகலிப்டஸ் கிளையில கொத்துக்கொத்தாத் தொங்கும். றெக்கைய மூடிருந்தா வெளிறிப்போயித் தெரியும், சருகுன்னு நெனச்சுத் தாண்டிப் போயிருவீங்க. அந்தக் கிளைல வெயில் பட்டதும் ஒவ்வொண்ணா விரிச்சு, கொத்தே ஆரஞ்சாயிரும். அதப் பாக்காம திரும்பக்கூடாது

கார்த்தி: யோசமிட்டிக்கும் இதேதான் சொன்னீங்க மாமா. நாலு மணிக்கு எழுப்பி, தயிர்சாதத்த வீட்லயே வெச்சுட்டு

சுந்தரம் மாமா: அது உங்கத்தை மறந்தது

மாலதி அத்தை: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன்

அம்மா: முட்டி வலிக்குது கண்ணு. ஏறி எறங்கோணுமா

கீதா: பலகைல பாதை போட்ருக்காங்கம்மா. வீல்சேரே போகும்

அப்பா (கோபி): இருக்குதான்னு கேட்டுட்டுப் போங்க. கொறஞ்சுபோச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான்

சுந்தரம் மாமா: நெசந்தானுங்க மச்சான். 2020ல கரையோரம் பூரா எண்ணினதுக்கு 2,000கூடத் தேறல. அடுத்த வருசமே 2 லட்சத்தத் தாண்டிருச்சு. 2024ல மறுபடி 10,000க்குள்ள

அம்மா: நம்ம தோட்டத்து எருக்கஞ்செடிலயும் இதாட்டம் ஒண்ணு சுத்துமே

சுந்தரம் மாமா: அது வெந்தய வரியன்க்கா. பங்காளிதான். இது இங்க மில்க்வீட்ல முட்டை வெக்கும், அதும் எருக்கு வகைதான். அந்தப் பாலைத் தின்னு புழுவுக்கு ஒடம்பெல்லாம் வெசம், குருவி கிட்டப் போகாது. கோடைல பொறக்கறது சில வாரத்துல செத்துரும். இப்பத் தொங்கறதுக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு மேல ஆயுசு. போன குளிருக்கு வந்ததோட பேரன், கொள்ளுப்பேரன். ஆரும் வழி காட்டாம அதே தோப்புக்கு வருது பாருங்க

அப்பா (கோபி): கொள்ளுப்பேரன் பூச்சி வருது. நம்மூட்டுப் பேரனுக்கு இன்னும் குலதெய்வத்துக்கு முடியெடுக்கல

கார்த்தி: ஆரம்பிச்சாச்சு

நித்யா: மே மாசம் டிக்கெட் பாக்கறோங்க மாமா

அப்பா (கோபி): போன மேலயும் அதான் சொன்ன அம்மணி

கீதா: எத்தன கார்னு யாராவது சொல்லுங்களேன்

சுந்தரம் மாமா: என் வண்டில அஞ்சு பேர். ஆறு மணி. ஹைவே 17ல போயிரலாம்

கீதா: 17 வேண்டாம், வளைவுல எனக்கு வாந்தி வரும்

கார்த்தி: அது மாமா ஓட்டறதுனால

மாலதி அத்தை: புளிசாதம் நான் கட்டறேன். எட்டு மணிதான்

சுந்தரம் மாமா: எட்டுக்கு வெயிலேறிரும்

மாலதி அத்தை: எட்டு.

நித்யா: சனிக்கிழமை மழைன்னு காட்டுதே

கீதா: அப்ப ஞாயிறு?

நித்யா: ஞாயிறு தமிழ்ப் பள்ளி

சுந்தரம் மாமா: மழையில எங்கயும் பறக்காது, கொத்தாவே தொங்கும். எதுக்கும் வெள்ளிக்கிழமை ராத்திரி பாத்துட்டுச் சொல்றேன்

அம்மா: மாலதி, சாதத்த தூக்குப்போசில போடு. கீதா, எனக்கொரு ஸ்வெட்டர் எடுத்து வெய்யி. உங்கப்பா அங்க குளிரே இருக்காதுன்னு சொல்லித்தான் அனுப்பிவெச்சாரு