என்எம்ஓ (பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்): அசதியோபிரின் கேட்கவில்லை, அடுத்தது ரிட்டுக்ஸிமாபா, புது மருந்தா?

மாவட்ட_டாக்டர்:
பெண், 34 வயது, 58 கிலோ. இந்த நோயின் அடையாளமான அக்வாபொரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ், செல் பேஸ்டு அஸே என்ற ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. முதலில் இடது கண், பிறகு நீளமான தண்டுவட அழற்சி. அசதியோபிரின் (எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை) தினம் 100 மி.கி. ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனை இரண்டாம் மாதக் கடைசியில் நிறுத்தியாயிற்று. இப்போது வலது கண்ணில் தாக்குதல். மெத்தில்பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு ஊசி தினம் 1 கிராம், இன்று மூன்றாம் நாள். அசதியோபிரின் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? வசதி குறைந்த குடும்பம். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் உண்டு.

தண்டுவடம்:
தோற்கவில்லை டாக்டர், அது இன்னும் வேலையையே ஆரம்பிக்கவில்லை. கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி. வேண்டும். 58 கிலோவுக்கு 100 என்பது 1.7தான். சரியான அளவிலேயே முழுப்பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் பிடிக்கும். அதுவரை ஸ்டீராய்டுதான் காவல். காவலை இரண்டாம் மாதத்திலேயே எடுத்துவிட்டால் வேறென்ன நடக்கும்? எம்சிவி (சிவப்பணுவின் சராசரி பருமன்) பழைய அளவைவிட 5 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அளவு போதவில்லை, அல்லது மாத்திரையே உள்ளே போகவில்லை.

ஆனாலும் நானாக இருந்தால் இதிலேயே தொடர மாட்டேன். என்எம்ஓவில் ஊனம் தாக்குதலுக்குத் தாக்குதல் சேர்வது. ஒரு கண் ஏற்கெனவே அடிபட்டவருக்கு இன்னொரு ஆறு மாதம் காத்திருப்பது சூதாட்டம். சீனாவில் நடந்த டேங்கோ ஆய்வில் அசதியோபிரின் எடுத்த 59 பேரில் 28 பேருக்குத் தாக்குதல் திரும்பியது. இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதத்தின் வழியை அடைக்கும் டோசிலிசுமாப் எடுத்த 59 பேரில் 8 பேருக்குத்தான். ஜப்பானின் ரின்-1 ஆய்வு சிறியது, மொத்தம் 38 பேர். ஆனால் ரிட்டுக்ஸிமாப் (பி செல் என்ற வெள்ளை அணுக்களை அழிக்கும் மருந்து) பக்கம் 19 பேரில் ஒருவருக்கும் தாக்குதல் இல்லை, பிளசீபோ (போலி மருந்து) பக்கம் 7 பேருக்கு வந்தது. உங்கள் கேஸுக்கு ரிட்டுக்ஸிமாப்.

அதைவிட அவசரம் ஒன்று: பார்வை தேறவில்லை என்றால் ஐந்து நாள் ஸ்டீராய்டு ஊசி முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், ஐந்து முதல் ஏழு முறை பிளாஸ்மா மாற்றம் (ஆன்டிபாடி உள்ள ரத்தத் திரவத்தை அகற்றி வேறு திரவம் ஏற்றுவது). நாள் தள்ளத் தள்ள அதன் பலன் குறையும்.

இன்ஃப்யூஷன்_சிஸ்டர்:
சார், பிளாஸ்மா மாற்றம் முழுதாக முடிந்த பிறகே ரிட்டுக்ஸிமாப் போடுங்கள். முன்னால் போட்டால் மருந்தும் பிளாஸ்மாவோடு வெளியே போய்விடும்.

ரிட்டுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைட்டிஸ் பி சர்ஃபேஸ் ஆன்டிஜனோடு கோர் ஆன்டிபாடியும் கட்டாயம் பாருங்கள். முதலாவது நெகட்டிவ், இரண்டாவது பாசிட்டிவ் என்று வருபவர்களிடமும் வைரஸ் பின்னால் தலைதூக்கலாம். டிபி சோதனை, ஐஜிஜி (தொற்றை எதிர்க்கும் ஆன்டிபாடி) அளவு இரண்டும் சேர்த்து.

ரிட்டுக்ஸிமாப் 1 கிராம், பதினான்கு நாள் கழித்து இன்னொரு 1 கிராம். 500 மி.லி. சலைன் பையிலிருந்து 100 மி.லி. உருவி எடுத்துவிட்டு, 500 மி.கி. மருந்துக் குப்பி இரண்டை (தலா 50 மி.லி.) ஏற்றினால் மி.லி.க்கு 2 மி.கி. வரும். குலுக்கக் கூடாது, நுரைக்கும். மெல்லக் கவிழ்த்துக் கலக்குங்கள். அரை மணி முன்பு பாராசிட்டமால், ஆன்டிஹிஸ்டமின், மெத்தில்பிரெட்னிசலோன் 100 மி.கி. பம்பில் மணிக்கு 25 மி.லி.யில் தொடங்கி அரை மணிக்கொரு முறை 25 கூட்டி, உச்சம் 200. தடங்கல் இல்லாவிட்டால் நாலேகால் மணி நேரம். தொண்டை அரிப்பு, நடுக்கம் வந்தால் நிறுத்தி, அடங்கியதும் பாதி வேகத்தில் தொடருங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் பன்னிரண்டு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவைக்கலாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மருந்துக்கடை_பின்பக்கம்:
புது மருந்துகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரதங்களைத் தடுக்கும் எக்குலிசுமாபின் ஆய்வில் தாக்குதல் 3 சதவீதம், பிளசீபோவில் 43. எண்ணைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப், உலகத்தின் மிக விலை உயர்ந்த மருந்துகளில் ஒன்று, அதோடு மெனிஞ்சோகாக்கஸ் (மூளையுறை அழற்சிக் கிருமி) தடுப்பூசி குறைந்தது இரண்டு வாரம் முன்பே. பாதியில் பணம் தீர்ந்து நின்றுபோகும் மருந்தைத் தொடங்காமல் இருப்பதே மேல். சாட்ரலிசுமாப் 120 மி.கி., தோலுக்கடி ஊசி. 0, 2, 4ஆம் வாரம், பிறகு நாலு வாரத்துக்கு ஒன்று. வீட்டிலேயே போடலாம். இன்டர்லூகின்-6 வழியை அடைப்பதால் கடும் தொற்றிலும் சிஆர்பி (தொற்றைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறாது. இது தெரியாத டூட்டி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ரிட்டுக்ஸிமாபுக்கு இந்தியாவில் 2007 முதலே பயோசிமிலர் (மூல மருந்தைப் போலவே செய்த மலிவான வடிவம்) இருக்கிறது, செலவில் வித்தியாசம் அதுதான்.

குழந்தை விஷயம்: மைக்கோபினோலேட் என்ற இன்னொரு எதிர்ப்பாற்றல் அடக்கி பக்கமே போகாதீர்கள், கரு ஊனமாகும். ரிட்டுக்ஸிமாபுக்கு 12 மாதம் கருத்தடை என்று லேபிள் சொல்கிறது.

மாவட்ட_டாக்டர்:
நன்றி. ரிட்டுக்ஸிமாப் போட்டதும் பிரெட்னிசலோனை இறக்கலாமா?

தண்டுவடம்:
உடனே வேண்டாம். பி செல்கள் அழியும்போது அவற்றைத் தூண்டும் பாஃப் என்ற புரதம் ஏறும். முதல் சில வாரங்களில் தாக்குதல் வந்த கேஸ்கள் உண்டு. இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து மெல்ல இறக்குங்கள். அடுத்த டோஸ் வழக்கமாக ஆறு மாதத்தில். சிலருக்கு அதற்கு முன்பே பி செல் திரும்பிவிடும், அதனால் மூன்றாம் மாதத்திலிருந்து சிடி19 (பி செல்லின் அடையாளக் குறி) எண்ணிக்கை பாருங்கள். வசதி இருந்தால் சிடி27 குறி உள்ள நினைவு பி செல்லும்: கொரியாவில் அது ரத்தத்தின் ஒற்றைக்கரு வெள்ளை அணுக்களில் 0.05 சதவீதம் தாண்டினாலே அடுத்த டோஸ் போட்டார்கள்.